மெல்லொலியும் மின்மாற்றியும்

முன்னுரை

கேட்டலின் சிறப்பை உணர்ந்த வள்ளுவப் பெருந்தகை, 'கேள்வி' என்று தனி அதிகாரமே வகுத்தார். நூல் பயிலாதவனும் கேட்டுத் தெளியலாம் என்பது அவர் துணிபு. எனினும் கேட்கப்படும் ஒலி காற்றோடு கலந்து மறையும் இயல்பினது. எழுத்தைக் காப்பதற்கு நம் முன்னோர்க்கு ஓலையும் எழுத்தாணியும் இருந்தன. குரலைக் காப்பதற்கோ யாதொரு கருவியும் இல்லை. பாடியவர் மறைந்தால் அவர் குரலும் உடன் மறைந்தது. 1877இல் எடிசன் கண்ட ஒலிப்பதிவுக் கருவியும், அதனைத் தொடர்ந்து 1887இல் எமில் பெர்லினர் உருவாக்கிய கிராமபோனும் அக்குறையைத் தீர்த்து வைத்தன. ஓலையில் எழுத்தாணி கீறியதுபோல, வட்டத் தட்டில் குரல் கீறப்பட்டது.

கீறப்பட்ட எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் இல்லையெனில் சுவடி வெறும் ஓலையாகிவிடும். இசைத்தட்டின் நிலையும் அதுவே. அதனைச் செவ்வனே படிக்கும் முறைகளுள் ஒன்றை, தமிழ் பயிலும் மாணவரும் விளங்கிக் கொள்ளும் வண்ணம் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். குறைந்த மின்னழுத்தம் தரும் கார்ட்ரிட்ஜுடன் ஏற்று மின்மாற்றியை இணைக்கும் முறையே அது. பெயரைக் கேட்டவுடன் இயற்பியல் துறைக்கு உரியது என்று ஒதுக்கிவிட வேண்டா. இதனை அறியாமையால் ஒரு குடும்பத்தின் இசைத்தட்டுகள் அனைத்தும் பழம்பொருள் வணிகரிடம் போய்ச் சேர இருந்த நிகழ்ச்சியை நேரில் கண்டவன் என்னும் உரிமையோடு எழுதுகிறேன்.

மயிலாப்பூரில் ஒரு மாலை

மயிலாப்பூரில் லஸ் முனைக்கு அருகில் உள்ள ஒரு பழைய வீட்டில் என் நண்பர் ஒருவர் வாழ்கிறார். அவருடைய தந்தையார் இசையில் தோய்ந்தவர். காருகுறிச்சி அருணாசலத்தின் நாகசுரமும், நாகூர் ஈ.எம். ஹனிபாவின் கணீர்க் குரலும், எம்.எஸ். சுப்புலட்சுமியின் பாடல்களும் அடங்கிய இசைத்தட்டுகளைப் பல ஆண்டுகள் தேடிச் சேர்த்தவர். அவற்றுட் சில, 1985இல் தீக்கிரையான மூர் மார்க்கெட்டின் பழைய கடைகளில் வாங்கியவை. தந்தையார் மறைந்தபின் தட்டுகள் அலமாரியில் உறங்கின.

வெளிநாட்டில் பணிபுரியும் நண்பரின் மகன், சென்ற ஆண்டு விடுமுறைக்கு வந்தபோது, பாட்டனாரின் ரெக்கார்டு பிளேயருக்கெனப் புதிய கார்ட்ரிட்ஜ் ஒன்றை அன்பளிப்பாகக் கொணர்ந்தான். விலையுயர்ந்தது, ஜப்பானில் செய்யப்பட்டது. அதனைப் பொருத்தித் தட்டைச் சுழலவிட்டபோது, நாகசுரம் எங்கோ தொலைவில் ஒலிப்பதுபோல் மெலிந்து கேட்டது. ஒலியளவுக் குமிழை இறுதிவரை திருகினர். அப்போது இசையினும் மிகுதியாக 'உம்' என்னும் உறுமலும் 'உஸ்' என்னும் இரைச்சலுமே எழுந்தன. "தட்டுகள் செத்துவிட்டன" என்று முடிவு செய்தார் நண்பர். பழம்பொருள் வணிகர் ஒருவருக்குச் சொல்லியனுப்பியும் விட்டார்.

தற்செயலாக அம்மாலை அங்குச் சென்றிருந்த நான், வணிகரை ஒரு வாரம் பொறுக்கச் சொல்லுமாறு வேண்டினேன். மறுநாள் இயற்பியல் பயிற்றுவிக்கும் நண்பர் ஒருவரிடம் செய்தியைக் கூறினேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "ஐயா, புதிய கார்ட்ரிட்ஜில் அசைவது காந்தமா, சுருளா?" அக்கேள்வியின் பொருளை அன்று நான் அறியேன். அவர் விளக்கியவற்றையே என் மொழியில் இங்குத் தருகிறேன்.

வரிப்பள்ளமும் ஊசியும்

இசைத்தட்டின் மேற்பரப்பில் வெளிவிளிம்பிலிருந்து நடுவை நோக்கிச் சுருண்டு செல்லும் ஒற்றை வரிப்பள்ளம் உண்டு. அதன் நெளிவுகளே ஒலியின் வடிவம். தாழ்ந்த சுருதியில் நெளிவுகள் இடைவெளி விட்டு அமையும். உயர்ந்த சுருதியில் நெருங்கி அமையும். பழைய கிராமபோனில் எஃகு ஊசி அந்நெளிவுகளில் அசைந்து ஒரு மெல்லிய தகட்டை அதிரச் செய்தது; அவ்வதிர்வே குழலின் வழியாகப் பெரிதாகிக் காதில் விழுந்தது. மின்சாரத்திற்கு அங்கு இடமில்லை. நிமிடத்திற்கு 78 சுற்றுகள் சுழலும் அரக்குத் தட்டுகளின் காலம் அது. பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடங்களே ஓடும்.

1925 முதல் மின்வழிப் பதிவு பரவியது. 1948இல் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம், நிமிடத்திற்கு 33⅓ சுற்றுகள் சுழலும் நீண்ட நேர இசைத்தட்டை வெளியிட்டது. அதன் வரிப்பள்ளம் மிக நுண்ணியது. அதனைக் கனமான எஃகு ஊசியால் படித்தால் பள்ளமே அழிந்துபோகும். எனவே சில கிராம் எடையே அழுத்தும் வைர ஊசியும், அதன் அசைவை மின்குறியீடாக மாற்றும் கார்ட்ரிட்ஜும் இன்றியமையாதன ஆயின.

காந்தமும் சுருளும்

மைக்கேல் பாரடே 1831இல் கண்டறிந்த மின்காந்தத் தூண்டலே கார்ட்ரிட்ஜின் அடிப்படை. ஒரு கம்பிச்சுருளுக்கும் காந்தத்திற்கும் இடையே அசைவு நிகழுமாயின் சுருளில் மின்னழுத்தம் தோன்றும். அசைவின் வேகம் மிகுந்தால் மின்னழுத்தம் மிகும். சுருளின் சுற்றுகள் மிகுந்தாலும் மின்னழுத்தம் மிகும்.

இவ்விதியை இருவகையில் பயன்படுத்தலாம். ஊசி பொருந்திய நுண்தண்டின் மறுமுனையில் சிறு காந்தத்தை வைத்து, சுருள்களை அசையாமல் நிறுத்துவது ஒருவகை. இதனை இயங்கு காந்தக் கார்ட்ரிட்ஜ் என்பர். அசையாத சுருளுக்கு எடைக் கட்டுப்பாடு இல்லை. ஆகவே ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றலாம். இதன் வெளியீடு பொதுவாக 5 மில்லிவோல்ட் அளவில் இருக்கும். நம் இல்லங்களில் பெரும்பாலும் பயன்பட்ட காந்தவகைக் கார்ட்ரிட்ஜ் இதுவே.

காந்தத்தை நிறுத்திவிட்டுச் சுருளை நுண்தண்டின் முனையில் பொருத்துவது மற்றொரு வகை. இதுவே இயங்கு சுருள் கார்ட்ரிட்ஜ். டென்மார்க்கின் ஆர்ட்டபான் நிறுவனம் 1959இல் வெளியிட்ட எஸ்.பி.யு. என்னும் கார்ட்ரிட்ஜும், 1960களில் ஜப்பானின் என்.எச்.கே. ஒலிபரப்பு நிறுவனத்திற்கென உருவாகி, அரை நூற்றாண்டுக்கும் மேலாகத் தயாரிக்கப்பட்டு வந்துள்ள டெனான் டி.எல். 103 என்னும் கார்ட்ரிட்ஜும் இவ்வகையில் புகழ்பெற்றவை. சுருள் ஊசியோடு சேர்ந்து அசைய வேண்டியிருப்பதால் அது மிக இலேசாக இருத்தல் வேண்டும். எனவே தலைமயிரினும் மெல்லிய கம்பியில் மிகச் சில சுற்றுகளே சுற்றப்படுகின்றன. இலேசான சுருள் வரிப்பள்ளத்தின் நுண்ணிய நெளிவுகளையும் தவறாது பின்தொடரும். கமகத்தின் அசைவும், சொல்லின் இறுதியில் தேயும் மெய்யெழுத்தின் ஒலியும் நன்கு புலப்படும் என்று இதனை விரும்புவோர் கூறுவர்.

அந்நன்மைக்கு ஒரு விலையும் உண்டு. சுற்றுகள் குறைந்ததால் மின்னழுத்தமும் குறைந்துவிடுகிறது. டி.எல். 103இன் வெளியீடு 0.3 மில்லிவோல்ட் மட்டுமே. கைவிளக்கில் இடும் 1.5 வோல்ட் மின்கலத்தோடு ஒப்பிட்டால் இது ஐயாயிரத்தில் ஒரு பங்கு. இயங்கு காந்தக் கார்ட்ரிட்ஜின் வெளியீட்டோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ பதினேழில் ஒரு பங்கு.

நண்பர் வீட்டில் நிகழ்ந்தது இப்போது தெளிவாகும். அங்கிருந்த பழைய பெருக்கி, அதாவது ஆம்பிளிபயர், 5 மில்லிவோல்ட்டை எதிர்பார்த்து அமைக்கப்பட்டது. அதற்குக் கிடைத்ததோ 0.3 மில்லிவோல்ட். குமிழைத் திருகத் திருக, பெருக்கி தன்னுள் எழும் இரைச்சலையும் சேர்த்தே பெருக்கிற்று. தட்டு தன் கடமையைச் செய்தது. ஊசியும் செவ்வனே படித்தது. படித்ததைக் கேட்கும் நிலையில் பெருக்கிதான் இல்லை.

ஏற்று மின்மாற்றியின் பணி

இவ்விடைவெளியை நிரப்பும் வழிகள் இரண்டு. முதலாவது, மிகக் குறைந்த இரைச்சல் உடைய கூடுதல் பெருக்கி ஒன்றை முன்னால் வைப்பது. இக்காலத்து டிரான்சிஸ்டர்களைக் கொண்டு இதனைச் சிறப்பாகவே செய்யலாம். இரண்டாவது, வால்வுப் பெருக்கிகளின் காலத்திலிருந்தே வழக்கில் உள்ளது. வால்வுகளின் இரைச்சலுக்குள் இத்துணை மெல்லிய ஒலி மூழ்கிவிடும் என்பதால், பெருக்கியை அடையும் முன்னரே மின்னழுத்தத்தை உயர்த்த ஏற்று மின்மாற்றியைப் பயன்படுத்தினர். பழைய பெருக்கியை மாற்ற விரும்பாதவர்க்கு இன்றும் இதுவே எளிய வழி.

மின்மாற்றி நமக்குப் புதியதன்று. அடையாற்றிலோ தியாகராய நகரிலோ தெருமுனையில் வேலியிட்டு நிற்கும் மின்மாற்றியை யாவரும் கண்டிருப்போம். அது 11,000 வோல்ட்டை நம் இல்லத்திற்கு ஏற்ற அளவாகக் குறைக்கும் இறக்கு மின்மாற்றி. நாம் பேசும் கருவியோ உள்ளங்கையில் அடங்கும் ஏற்று மின்மாற்றி. இரண்டிற்கும் விதி ஒன்றே. பொதுவான உள்ளகத்தின் மீது முதன்மைச் சுருள், துணைச் சுருள் என இரண்டு சுருள்கள் சுற்றப்படும். முதன்மைச் சுருளில் மாறும் மின்னோட்டம் உள்ளகத்தில் மாறும் காந்தப்பாயத்தை உண்டாக்க, அது துணைச் சுருளில் மின்னழுத்தத்தைத் தூண்டும். முதன்மையைப்போல் துணைச் சுருளில் பத்து மடங்கு சுற்றுகள் இருப்பின் மின்னழுத்தம் பத்து மடங்காகும். டெசிபல் கணக்கில் இது 20. இருபது மடங்கெனில் 26 டெசிபல்.

மின்னழுத்தம் உயர்ந்தது என்பதனால் மின்மாற்றி புதிய ஆற்றலைப் படைத்துவிட்டது என்று கருதலாகாது. அதற்கு மின்கலமும் இல்லை. சுவரிலிருந்து மின் இணைப்பும் இல்லை. மின்னழுத்தம் எத்தனை மடங்கு கூடுகிறதோ, மின்னோட்டம் அத்தனை மடங்கு குறையும். இதனை நம் வயற்புறத்து ஏற்றத்தோடு ஒப்பிட்டு நோக்கலாம். ஏற்றமரத்தில் ஆள் மிதிப்பது அச்சுக்கு அண்மையில். சால் தொங்குவது நெடுந்தொலைவில். மிதிப்பவர் சிறிதே இறங்க, சால் ஆழக்கிணற்றிலிருந்து மேலே வந்துவிடும். அசைவு பெரிதானதற்கு ஈடாக அழுத்தம் மிகுதியாகத் தேவைப்படும். இயங்கு சுருளிடம் மின்னழுத்தம் குறைவாயினும், அதன் மின்தடை சிறிதாதலின் மின்னோட்டம் தரும் வலிமை உண்டு. அவ்வலிமையைக் கொடுத்து மின்னழுத்தத்தை வாங்கித் தருவதே மின்மாற்றியின் பணி. நம் முன்னோர் 'ஏற்றம்' என்ற கருவியின் பெயரும், இன்றைய பாடநூல்கள் வழங்கும் 'ஏற்று மின்மாற்றி' என்ற பெயரும் ஒருவேரில் பிறந்தவை என்பது தமிழ் மாணவர்க்கு உவகை தரும்.

மடங்கு மிகுந்தால் நன்மை மிகுமா?

ஈண்டு ஓர் ஐயம் எழலாம். பத்து மடங்கு நன்று எனில் முப்பது மடங்கு இன்னும் நன்றன்றோ? பலரும் தவறும் இடம் இதுவே. கணக்கு அதனைத் தெளிவாக்கும்.

பெருக்கியின் 'போனோ' என்று குறிக்கப்பட்ட வாயிலில் 47,000 ஓம் சுமை இருத்தல் பொதுவழக்கு. மின்மாற்றியின் வழியாக நோக்கும் கார்ட்ரிட்ஜுக்கு இச்சுமை அவ்வாறே தெரிவதில்லை. மடங்கின் வர்க்கத்தால் வகுபட்டுக் குறைந்து தெரியும். பத்து மடங்கெனில் 47,000ஐ 100ஆல் வகுக்க, 470 ஓம். இருபது மடங்கெனில் 400ஆல் வகுக்க, 117.5 ஓம். முப்பது மடங்கெனில் 900ஆல் வகுக்க, ஏறத்தாழ 52 ஓம்.

டி.எல். 103இன் மின் எதிர்ப்பு 40 ஓம். சுமை குறையக் குறைய, கார்ட்ரிட்ஜ் தான் உண்டாக்கிய மின்னழுத்தத்தில் ஒரு பகுதியைத் தன்னுள்ளேயே இழக்கும். பத்து மடங்கு மின்மாற்றியில் 3 மில்லிவோல்ட்டுக்குப் பதிலாக ஏறத்தாழ 2.8 மில்லிவோல்ட் கிடைக்கும், இழப்பு சிறிது. இருபது மடங்கில் 6க்குப் பதிலாக 4.5 கிடைக்கும், பழைய பெருக்கி எதிர்பார்க்கும் அளவை இது நெருங்குகிறது. முப்பது மடங்கிலோ 9க்குப் பதிலாக 5.1 மட்டுமே கிடைக்கும். மடங்கை ஒன்றரைப் பங்கு கூட்டியும் பயன் சிறிதளவே கூடிற்று. சுமையோ 52 ஓமாகத் தாழ்ந்தது. இக்கார்ட்ரிட்ஜுக்கு 100 ஓமுக்குக் குறையாத சுமை வேண்டும் என்பது அதன் தயாரிப்பாளர் கூறும் அளவு. அதனினும் தாழ்ந்தால் ஒலி அடங்கி, உயிர்ப்பு இழந்து தோன்றும்.

மாறாக, 2 ஓம் மின்தடையும் 0.2 மில்லிவோல்ட் வெளியீடும் உடைய கார்ட்ரிட்ஜ் ஒன்றை எடுத்துக் கொள்வோம். அதற்குப் பத்து மடங்கு போதாது. 2 மில்லிவோல்ட்டே கிடைக்கும். முப்பது மடங்கு மின்மாற்றியில் 6க்குச் சற்றுக் குறைவாக, ஏறத்தாழ 5.8 மில்லிவோல்ட் கிடைக்கும். 52 ஓம் சுமை அதன் 2 ஓமுக்கு ஒரு பொருட்டன்று. ஒருவர்க்கு மருந்தாவது மற்றொருவர்க்குப் பொருந்தாமை போல, ஒரு கார்ட்ரிட்ஜுக்கு உகந்த மின்மாற்றி மற்றொன்றுக்கு உகந்ததன்று. வெளியீடு, மின் எதிர்ப்பு ஆகிய இரண்டையும் ஏட்டில் பார்த்த பின்னரே மடங்கைத் தெரிவு செய்தல் வேண்டும்.

மடங்கு மிகுவதால் வேறொரு தீங்கும் உண்டு. துணைச் சுருளில் சுற்றுகள் பெருகப் பெருக, அடுத்தடுத்த சுற்றுகளுக்கிடையே மின்தேக்குதிறன் பெருகி, உயர்ந்த அதிர்வெண்கள் பாதிக்கப்படும். முதன்மைச் சுருளில் சுற்றுகளைக் குறைத்தாலோ தாழ்ந்த அதிர்வெண்கள் நலியும். 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை ஒருசீராகக் கடத்தும் மின்மாற்றியை உருவாக்குவது அரிய கலை. உட்புகுதிறன் மிக்க நிக்கல்–இரும்புக் கலவையால் ஆன உள்ளகம் அதற்கு வேண்டும். அதன் விலை மிகுதியாவதற்கும் இதுவே காரணம்.

இன்னும் ஒன்று. இயங்கு சுருள் வகையிலேயே 2 மில்லிவோல்ட் அளவு வெளியீடு தரும் கார்ட்ரிட்ஜ்களும் உள்ளன. அவற்றுக்கு மின்மாற்றி தேவையில்லை. இருபது மடங்கு மின்மாற்றியை அவற்றோடு இணைத்தால் 40 மில்லிவோல்ட் வரை உயர்ந்து, பெருக்கி தாங்காது. குரல் உடைந்து சிதறும்.

இணைக்கும்போது கருத வேண்டியவை

மின்மாற்றியைப் பெருக்கியின் போனோ வாயிலில்தான் இணைத்தல் வேண்டும். தட்டில் பதியும்போது தாழ்ந்த ஒலிகள் குறைக்கப்பட்டும் உயர்ந்த ஒலிகள் கூட்டப்பட்டும் பதிவாகின்றன. 1954 முதல் இதற்கென ஆர்.ஐ.ஏ.ஏ. என்னும் பொதுவரையறை ஏற்பட்டது. அதனை மீண்டும் சமன்செய்யும் அமைப்பு போனோ வாயிலில் மட்டுமே உள்ளது. பிற வாயில்களில் இணைத்தால் ஒலி கீச்சிடும்.

நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 100 முறை திசைமாறுவது. பெருக்கியினுள் உள்ள பெரிய மின்மாற்றியும் ரெக்கார்டு பிளேயரின் மோட்டாரும் தம்மைச் சுற்றிக் காந்தப்புலத்தைப் பரப்பும். சிறிய ஏற்று மின்மாற்றி அப்புலத்தையும் ஒலியெனக் கருதிப் பெருக்கிவிடும். இதுவே 'உம்' என்னும் உறுமலுக்குக் காரணம். மியூ உலோகம் எனப்படும் நிக்கல் கலவை உறையால் நல்ல மின்மாற்றிகள் காக்கப்படுகின்றன. அதற்கு மேலும், அதனைப் பெருக்கியிலிருந்து ஓரிரு அடி விலக்கி வைத்தல் வேண்டும். இருக்கும் இடத்திலேயே மெல்லத் திருப்பிப் பார்த்தால் உறுமல் அடங்கும் ஒரு நிலை புலப்படும். நிலத்தொடுப்புக் கம்பியையும் மறவாது இணைத்தல் வேண்டும். இணைப்புக் கம்பிகள் குறுகியனவாக இருத்தல் நலம்.

மின்மாற்றியின் சுருளையோ கார்ட்ரிட்ஜின் சுருளையோ மல்டிமீட்டரின் ஓம் அளவில் வைத்துச் சோதித்தல் கூடாது. அக்கருவி செலுத்தும் நேர்மின்னோட்டம் உள்ளகத்தை நிலையாகக் காந்தமாக்கிவிடக்கூடும். கார்ட்ரிட்ஜின் நுண்கம்பிக்கும் ஊறு நேரலாம்.

சென்னைவாசிகள் சிறப்பாகக் கருத வேண்டியது ஒன்றுண்டு. சாந்தோம், அடையாறு, பெசன்ட் நகர் முதலிய கடலோரப் பகுதிகளில் உப்புக் காற்று உலோகத்தை விரைவில் அரிக்கும். பெரிய மின்னழுத்தத்திற்கு அவ்வரிப்பு தடையாகத் தோன்றாது, 0.3 மில்லிவோல்ட்டுக்கோ அது மதில்போல் நிற்கும். கார்ட்ரிட்ஜின் பின்புறத்து நான்கு முனைகளையும், இணைப்புச் செருகிகளையும் அவ்வப்போது துடைத்துத் தூய்மை செய்தல் இன்றியமையாதது. ஒரு பக்கம் மட்டும் ஒலி மறைந்து மறைந்து வருமாயின், கார்ட்ரிட்ஜைக் குறைகூறும் முன் இம்முனைகளைப் பார்த்தல் வேண்டும்.

தட்டின் வகையறிந்து ஊசியைப் பயன்படுத்துதலும் வேண்டும். 78 சுற்று அரக்குத் தட்டின் பள்ளம் அகன்றது. நீண்ட நேரத் தட்டுக்குரிய நுண்ணூசியை அதில் வைத்தால், அது பள்ளத்தின் அடியில் உள்ள தூசியில் உருண்டு செல்லும். அகன்ற முனையுடைய ஊசியே அதற்கு உரியது. அரக்குத் தட்டைச் சாராயக் கலப்புள்ள நீர்மங்களால் துடைத்தலும் கூடாது. அரக்கு அதில் கரைந்துவிடும். துடைத்துப் பொலிவூட்ட எண்ணிக் குரலையே அழித்தவர் உளர்.

ஏன் இத்துணை அக்கறை?

இத்தனை நுணுக்கங்களும் எதற்காக, கணினியிலும் கைப்பேசியிலும் பாடல்கள் கொட்டிக் கிடக்கின்றனவே என்று வினவலாம். எல்லாப் பதிவும் அங்கு வந்து சேரவில்லை என்பதே விடை. 1928இல் தோன்றிய மியூசிக் அகாடமியின் தொடக்க காலத்திலும், 1938 ஜூன் 16 அன்று சென்னை வானொலி நிலையம் தொடங்கப்பட்ட காலத்திலும் பாடிய கலைஞர் பலரின் குரல் இசைத்தட்டுகளிலேயே தங்கியுள்ளது. நாடக மேடைப் பாடல்களும், நகைச்சுவை உரையாடல்களும், பல சமயத்தார் பக்திப் பாடல்களும், அரசியல் இயக்கப் பாடல்களும் தட்டுகளில் வெளிவந்தன. ஒரு காலத்துத் தமிழ் எவ்வாறு ஒலித்தது, ழகரம் எவ்வாறு உச்சரிக்கப்பட்டது என்று அறிய விழையும் மொழி ஆய்வாளர்க்கு இவை கல்வெட்டுக்கு நிகரானவை. தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், அச்சு நூல்களோடு இசைத்தட்டுகளையும் தொகுத்துக் காப்பதன் காரணம் இதுவே.

ஒவ்வொரு முறை ஊசி ஓடும்போதும் வரிப்பள்ளம் சிறிதளவேனும் தேயும். ஆதலின், பழந்தட்டைக் கணினியில் ஏற்ற முனைவோர்க்கு வாய்ப்புகள் எண்ணற்றவை அல்ல. பொருந்தாத ஊசி, போதாத மின்னழுத்தம், உறுமும் இணைப்பு ஆகியவற்றோடு ஏற்றப்பட்ட பதிவே பிற்காலத்தவர்க்கு மூலமாகிவிடும். மூலத்தட்டு உடைந்தபின், அவ்வுறுமலைக் கேட்டுப் 'பழைய பதிவு இப்படித்தான் இருக்கும்' என்று எண்ணுவர். பிழைமலிந்த படியையே மூலச்சுவடி எனக் கொண்டு உரை வகுத்தாற்போன்ற அவலம் அது.

பெசன்ட் நகரில் டாக்டர் உ.வே. சாமிநாதையர் நூல்நிலையம் உள்ளது. 1943இல் நிறுவப்பட்ட அந்நூல்நிலையத்தில் காக்கப்படுவன போன்ற பழஞ்சுவடிகளைப் படிப்போர் கையாளும் முறை ஒன்றுண்டு. எழுத்து மங்கிய ஓலையின் மீது மை தடவித் துடைப்பர். கீறல்களில் மட்டும் மை தங்கி, எழுத்துகள் தெளிவாகத் தோன்றும். அந்த மை ஓரெழுத்தையும் புதிதாக எழுதுவதில்லை. இருந்ததைக் கண்ணுக்குப் புலனாக்குகிறது. ஏற்று மின்மாற்றியும் அத்தகையதே. அது ஒரு சுரத்தையும் கூட்டுவதில்லை. பள்ளத்தில் இருந்த குரலைப் பெருக்கி கேட்கும் அளவுக்கு உயர்த்திக் கொடுத்து ஒதுங்கிக் கொள்கிறது.

முடிவுரை

இயற்பியல் நண்பர் தம் ஆய்வகத்து அலமாரியிலிருந்து இருபது மடங்கு மின்மாற்றி ஒன்றைக் கடனாகத் தந்தார். ஞாயிற்றுக்கிழமை முற்பகல் மயிலாப்பூர் வீட்டில் அதனை இணைத்தோம். முதலில் உறுமல் கேட்டது. பெருக்கியின் மீது வைத்திருந்த மின்மாற்றியை எடுத்துக் கீழ்த்தட்டில் வைத்துச் சற்றே திருப்பினோம், உறுமல் அடங்கிற்று. பின்னர் நாகசுரம் கூடம் முழுதும் நிறைந்தது.

உள்ளறையில் இருந்த நண்பரின் அன்னையார் சுவரைப் பற்றியவாறு மெல்ல நடந்து வந்து அமர்ந்தார். ஆலாபனை நடந்துகொண்டிருந்த ஓரிடத்தில் 'டக்' என்று ஓர் ஒலி கேட்டது. பழைய கீறல் அது. நண்பர் முகம் சுளித்தார். அன்னையாரோ, "அந்தக் கீறல் நீ ஐந்து வயதில் போட்டது. அதற்காக அன்று அப்பாவிடம் அடி வாங்கினாய்" என்றார். நண்பர் ஒன்றும் பேசவில்லை. தட்டின் அப்பக்கம் முடிந்ததும் எழுந்து சென்று, பழம்பொருள் வணிகருக்குத் தொலைபேசியில், வரவேண்டா என்று கூறிவிட்டு வந்தார்.

மாணவச் செல்வங்களே! உங்கள் இல்லங்களிலும் உறவினர் இல்லங்களிலும் பரணில் கிடக்கும் இசைத்தட்டுகள் இருக்கலாம். அவை ஒலிக்கவில்லை எனில், செத்துவிட்டன என்று உடனே முடிவு செய்ய வேண்டா. ஊசி எத்தகையது, வெளியீடு எவ்வளவு, பெருக்கி எதிர்பார்ப்பது யாது என்று முதலில் கேளுங்கள். அறிந்தவரிடம் கேட்டுத் தெளியுங்கள். மெலிந்து ஒலிப்பது யாவும் வலிவற்றது அன்று. தக்க துணை கிடைக்காமையாலும் ஒரு குரல் மெலிந்து ஒலிக்கக்கூடும். அத்துணையைத் தேடித் தருவது நம் கடமை.